கீபோர்டு சாகல, டாங்கிளை இடம் மாத்திப் பாருங்க

இந்தத் தடவை வந்த கேள்விகள்ல வயர்லெஸ் கீபோர்டு, மவுஸ் பத்தினதே நிறைய, அதனால மத்ததை எல்லாம் அடுத்த இதழுக்குன்னு எடுத்து வச்சுட்டேன். ஒண்ணை மட்டும் முதல்லயே சொல்லிடுறேன். செத்துப்போச்சுன்னு மூலையில போட்ட செட்டுகள்ல நிறைய இன்னும் உயிரோடதான் இருக்கு. நல்ல பொருள் குப்பைக்குப் போறதைப் பார்த்தா எனக்கு மனசு கேக்க மாட்டேங்குது, அதனால புதுசு வாங்க கிளம்புறதுக்கு முன்னாடி இதைப் படிச்சுட்டுப் போங்க.

கேள்வி: அண்ணே, பையனுக்கு புது டெஸ்க்டாப் அசெம்பிள் பண்ணி வாங்கினோம், கூடவே வயர்லெஸ் கீபோர்டு மவுஸ் காம்போ. கர்சர் விட்டு விட்டு ஓடுது, டைப் பண்ணா நடுவுல எழுத்து விட்டுப்போகுது, சில நேரம் ஒரே எழுத்து பத்து தடவை விழுது. கடைக்காரர் செட்டையே மாத்திக் குடுத்துட்டார், அதுலயும் இதே கதைதான். பையன் பாடத்தை எல்லாம் வெளிய மாட்டுற ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கான், அது மாட்டியிருக்கிற அன்னைக்கு ரொம்ப மோசம். சிபியு டேபிளுக்குக் கீழ இருக்கு. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: அக்கா, பதிலை நீங்களே எழுதிட்டீங்க, ஹார்ட் டிஸ்க் மாட்டியிருக்கிற அன்னைக்கு மோசம்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். செட்டை மாத்தியும் அதே தொல்லைன்னா தப்பு செட்டுல இல்ல, செட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல இருக்கு.

செட்டோட வர்ற, யுஎஸ்பி போர்ட்ல செருகுற அந்தக் குட்டி ரிசீவர்தான் டாங்கிள், அது 2.4 கிகாஹெர்ட்ஸ்னு சொல்ற ரேடியோ அலைவரிசையில பேசுது. அதே அலைவரிசையிலதான் வீட்டு வைஃபையும் ப்ளூடூத்தும் ஓடுது, மைக்ரோவேவ் அடுப்பும் அங்கதான் இருக்கு. ஆனா பக்கத்துலயே இருக்கிற பெரிய எதிரி எதுன்னா, சிபியுல இருக்கிற, ஓட்டைக்குள்ள நீலக் கலர்ல தெரியுற யுஎஸ்பி 3.0 போர்ட். அதுல ஹார்ட் டிஸ்க், பென்டிரைவ் ஓடும்போது நொடிக்கு 500 கோடி பிட் வேகத்துல டேட்டா போகுது, அந்த வேகத்துல சிக்னல் போறப்ப போர்ட்லயிருந்தும் கேபிள்லயிருந்தும் ஒரு ரேடியோ இரைச்சல் கசியுது, அந்த இரைச்சல் சரியா இந்த 2.4 பக்கத்துலயும் விழுது. இன்டெல் கம்பெனிக்காரங்களே 2012ல இதைப் பத்தி ஒரு அறிக்கை போட்டாங்க, ஆக இது ஏதோ ஒரு கடைக்காரரோட சால்ஜாப்பு இல்ல. பக்கத்துல மேளம் அடிக்கும்போது காதுல ரகசியம் சொன்னா எப்படிக் கேக்கும், டாங்கிளுக்கு அப்படித்தான் இருக்கு.

ஒரே எழுத்து பத்து தடவை விழுறதுக்கும் இதுதான் காரணமா இருக்கும். கீயை அழுத்தினதுக்கு ஒரு செய்தி போகும், விட்டதுக்கு இன்னொரு செய்தி போகும். அழுத்தின செய்தி போய் சேர்ந்து விட்ட செய்தி வழியில தொலைஞ்சா, நீங்க இன்னும் அழுத்திட்டே இருக்கீங்கன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும்.

சரி, என்ன பண்ணலாம். முதல்ல ஹார்ட் டிஸ்க்கை முறையா எஜெக்ட் பண்ணி கழட்டிட்டு ஒரு பத்து நிமிஷம் டைப் பண்ணிப் பாருங்க, உடனே சரியாச்சுன்னா சந்தேகமே வேணாம். அப்புறம் டாங்கிளை நீல போர்ட்ல இருந்து எடுத்து கறுப்பா இருக்கிற யுஎஸ்பி 2.0 போர்ட்ல, ஹார்ட் டிஸ்க் மாட்டுற இடத்துல இருந்து எவ்வளவு தள்ளி முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்க. இதைவிட நல்லது ஒண்ணு இருக்கு, கம்ப்யூட்டர் கடையில யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள்னு கேளுங்க, ஒரு மீட்டர் போதும், யுஎஸ்பி 2.0 கேபிளே போதும், பெருசா விலை இல்ல. ஒரு முனையை சிபியு பின்னாடி மாட்டி, இன்னொரு முனையில டாங்கிளைச் செருகி, அதை டேபிள் மேல மானிட்டர் பக்கத்துல கீபோர்டுக்கு நேரா வச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க. சிபியு பெட்டி தகரம், டாங்கிளை அதுக்குப் பின்னாடி செருகினா ஒரு தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுற மாதிரி ஆயிடும், டேபிளே இரும்பா இருந்தா கேக்கவே வேணாம். நான் யாருக்கு என்ன சொன்னாலும் சொல்லாட்டியும் இந்தக் கேபிளை மட்டும் சொல்லாம விடமாட்டேன். வைஃபை ரவுட்டர் அதே டேபிள்ல இருந்தா அதையும் ரெண்டு மூணு அடி நகர்த்துங்க, ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ் இருந்து உங்க கம்ப்யூட்டரும் அதைப் பிடிக்கும்னா அதுக்கு மாத்திட்டா இன்னும் நிம்மதி.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். மூன்று மாதம் மகள் வீட்டில் இருந்துவிட்டு வந்தேன். வந்து பார்த்தால் கீபோர்டும் மவுஸும் அசையவில்லை. புது பேட்டரி போட்டும் பயனில்லை. (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: ஐயா, வணக்கம். மூணு மாசம் பழைய செல் உள்ளயே கிடந்திருக்கு, அதனால முதல்ல பேட்டரி மூடியைத் திறந்து அந்த ஸ்பிரிங்கையும் தகட்டையும் வெளிச்சத்துல பாருங்க, வெள்ளையாவோ பச்சையாவோ பொடி பூத்திருக்கா? செல் கசிஞ்சா அப்படித்தான் ஆகும், அந்தப் பொடி இருக்கிற வரைக்கும் எத்தனை புது செல் போட்டாலும் கரண்ட் போகாது. காது குடையுற பஞ்சுக் குச்சியில ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டு மெதுவா துடைங்க, அப்புறம் தண்ணி தொட்ட குச்சியில துடைச்சு நல்லா காயவிட்டு செல்லைப் போடுங்க. கையில படாம பாத்துக்கோங்க, பட்டா கழுவிடுங்க.

பொடி இல்லையா, அப்ப ப்ளஸ் மைனஸ் சரியான்னு பாருங்க, பழைய செல் ஒண்ணு புதுசு ஒண்ணுன்னு கலந்து போடாதீங்க. ரீசார்ஜ் பண்ற செல் போட்டிருந்தா ஒரு விஷயம், சாதா ஆல்கலைன் செல் 1.5 வோல்ட், ரீசார்ஜ் செல் 1.2 வோல்ட்தான், அதனால சில கீபோர்டுல பேட்டரி தீரப்போகுதுன்னு சீக்கிரமே காட்டும். அடியில ஆன் ஆஃப் சுவிட்ச் இருக்கும், ஊருக்குக் கிளம்பும்போது யாராவது ஆஃப் பண்ணியிருக்கலாம். மவுஸ் அடியில சிவப்பு லைட் எரியலையேன்னு பயப்படாதீங்க, சில மவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத ஒளிதான் வரும். கண்ணாடி டேபிள் மேல வச்சிருந்தா கீழ ஒரு நோட்டு அட்டையைப் போட்டு ஓட்டிப் பாருங்க.

இதெல்லாம் சரின்னா டாங்கிள் எங்க இருக்குன்னு பாருங்க, வீட்டைப் பெருக்கினவங்க கழட்டி வச்சிருக்கலாம், மவுஸோட பேட்டரி அறைக்குள்ளயே அதுக்குன்னு ஒரு பொந்து இருக்கும், அங்கயும் தேடுங்க. சிபியுவோட முன்பக்க போர்ட்ல மாட்டியிருந்தா பின்பக்கம் மாத்துங்க, முன்பக்க போர்ட்டுக்கு உள்ள இருந்து வர்ற வயர் லூசாகி அந்த போர்ட்டே செத்துக் கிடக்குறது உண்டு. கடைசியா, பக்கத்து வீட்டு லேப்டாப்ல டாங்கிளைச் செருகிப் பாருங்க. அங்க ஓடினா உங்க செட் நல்லா இருக்கு, கம்ப்யூட்டரைத்தான் பார்க்கணும், அங்கயும் ஓடலைன்னா மட்டும் புதுசு வாங்குங்க.

கேள்வி: டைப்பிங், ஆன்லைன் விண்ணப்ப சென்டர் வச்சிருக்கேன் சார். ஒரே மாடல்ல நாலு வயர்லெஸ் செட். சுத்தம் பண்ணும்போது டாங்கிள் எல்லாம் கலந்துடுச்சு, ஒண்ணு காணாமயும் போச்சு. வேற டாங்கிள் வாங்கிப் போடலாமா? (வாசகர், நாகர்கோவில்)

பதில்: ஒவ்வொரு டாங்கிளும் தன்னோட கீபோர்டு மவுஸை மட்டும்தான் அடையாளம் வச்சிருக்கும், பார்க்க அச்சு அசலா ஒண்ணு மாதிரியே இருந்தாலும் மாத்திப் போட்டா எடுக்காது. ஒரு கம்ப்யூட்டர்ல ஒரு டாங்கிளை மட்டும் மாட்டி, நாலு மவுஸையும் ஒண்ணொண்ணா அசைச்சுப் பாருங்க, எது ஓடுதோ அது ஜோடி. ஜோடி சேர்ந்த உடனே நெயில் பாலிஷ்ல ஒரு கலர் பொட்டு டாங்கிள்லயும் கீபோர்டு, மவுஸ் அடியிலயும் வச்சிடுங்க, இனிமே கலக்காது.

தொலைஞ்சது கொஞ்சம் கஷ்டம்தான். லாஜிடெக்ல யூனிஃபையிங்னு ஒரு வகை டாங்கிள் உண்டு, ஆரஞ்சு கலர்ல சின்ன நட்சத்திரம் மாதிரி குறி போட்டிருக்கும், அதுல ஆறு கருவி வரைக்கும் சேர்க்கலாம், தொலைஞ்சா வேற ஒண்ணு வாங்கி அவங்க சாஃப்ட்வேர்ல சேர்த்துக்கலாம். 2021ல போல்ட்னு அடுத்த வகை வந்துச்சு, இது அதோட சேராது, அதனால கீபோர்டு அடியில எந்தக் குறி இருக்குன்னு பார்த்துட்டு வாங்குங்க. விலை குறைஞ்ச காம்போ செட்ல பெரும்பாலும் ஃபேக்டரியிலயே ஜோடி போட்டு அனுப்பிடுறாங்க, டாங்கிள் போனா செட்டே போன மாதிரிதான்.

ஆனா தம்பி, உங்க சென்டர்னால ஒண்ணு சொல்லணும். ஜனங்க வந்து ஆதார் நம்பர், பேங்க் கணக்குன்னு எல்லாத்தையும் உங்க கீபோர்டுலதான் அடிக்கிறாங்க. 2016ல பாஸ்டில்னு ஒரு பாதுகாப்பு ஆய்வு நிறுவனம், ப்ளூடூத் இல்லாத டாங்கிள் வகை மவுஸ், கீபோர்டு பலதுல ஒரு ஓட்டையைக் கண்டுபிடிச்சு வெளியிட்டாங்க, தூரத்துல இருந்து ஒருத்தர் அந்த டாங்கிளை ஏமாத்தி, நீங்க அடிக்கிற மாதிரியே கம்ப்யூட்டருக்குள்ள எழுத்தை அனுப்ப முடிஞ்சுது. சில கம்பெனிங்க சரி பண்ண அப்டேட் விட்டாங்க, ஆனா பழைய, பேர் தெரியாத செட்டுக்கெல்லாம் யார் அப்டேட் தருவா? மவுஸ் வயர்லெஸா இருந்தாக்கூட கீபோர்டை மட்டுமாவது வயர் வச்சதா மாத்திடுங்க, அடுத்தவங்க தகவல் நம்ம கையில இருக்கு.

கேள்வி: ப்ரோ, ப்ளூடூத் கீபோர்டு வாங்கினேன். போன்ல கனெக்ட் ஆகுது, என் டெஸ்க்டாப்ல லிஸ்ட்ல வருது, கனெக்ட் ஆகுது, ஒரு அடி தள்ளினா கட் ஆகுது. மதர்போர்டுலயே ப்ளூடூத் இருக்கு. (வாசகர், கோவை)

பதில்: சிபியுவைத் திருப்பிப் பாருங்க ப்ரோ. பின்னாடி தங்கக் கலர்ல மரை போட்ட ரெண்டு சின்ன குச்சி நீட்டிட்டு இருக்கா, அது ஆன்டெனா மாட்டுற இடம். அந்த ஆன்டெனா மதர்போர்டு டப்பாவுக்குள்ள இருக்கும், நெட்டுக்கு கேபிள் போட்டுடுறோமேன்னு அசெம்பிள் பண்றவங்க அதை மாட்டாம டப்பாவோட குடுத்துடுவாங்க, நாமளும் பரண்ல போட்டுடுவோம். ஆனா வைஃபைக்கும் ப்ளூடூத்துக்கும் அதே ஆன்டெனாதான். எடுத்து திருகி மாட்டுங்க, அனேகமா சரியாயிடும். ஆகலைன்னா கீபோர்டை லிஸ்ட்ல இருந்து ரிமூவ் பண்ணிட்டு, போன்ல ப்ளூடூத்தை ஆஃப் பண்ணிட்டு, திரும்ப ஜோடி சேருங்க, இல்லைன்னா கீபோர்டு போன் பக்கமே ஓடும். இன்னொண்ணு, பயாஸ், அதாவது விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற செட்டிங்ஸ் திரை, அது உள்ள போறதுக்கு ப்ளூடூத் கீபோர்டு பெரும்பாலும் உதவாது, விண்டோஸ் வந்த பிறகுதான் அதுக்கு உயிர் வரும், அதுக்குன்னு ஒரு பழைய வயர் கீபோர்டு வச்சுக்கோங்க.

கேள்வி: கீயை ரொம்ப நேரம் அழுத்தினாத்தான் எழுத்து விழுது. சில நாள் இங்கிலீஷ் அடிச்சா தமிழ் எழுத்து வருது. (வாசகி, விழுப்புரம்)

பதில்: ரெண்டும் வயர்லெஸ் கோளாறு இல்லம்மா. வலது பக்க ஷிப்ட் கீ மேல 8 நொடி விரல் அழுந்தி இருந்தா ஃபில்டர் கீஸ்னு ஒண்ணை ஆன் பண்ணவான்னு கேட்டு வரும், தெரியாம ஓகே குடுத்திருப்பீங்க, அது ஆன்ல இருந்தா லேசா தட்டினதை எல்லாம் கம்ப்யூட்டர் கண்டுக்காது. அதே கீயை திரும்ப 8 நொடி அழுத்துங்க, இல்லைன்னா செட்டிங்ஸ்ல அக்சஸிபிலிட்டி, கீபோர்டு உள்ள போய் ஆஃப் பண்ணுங்க. ரெண்டாவதுக்கு விண்டோஸ் கீயோட ஸ்பேஸ் பார், அவ்வளவுதான், தமிழ்99ங்கிற தமிழ் கீபோர்டு முறையில இருந்து இங்கிலீஷுக்கு மாறிடும்.

கேள்வி: சார், கம்ப்யூட்டர் ஸ்லீப் போயிட்டு எழுந்தா மவுஸ் செத்துடுது. டாங்கிளைக் கழட்டி மாட்டினா வருது. தினமும் இதே வேலை. (வாசகர், ஆவடி)

பதில்: கரண்ட் மிச்சம் பிடிக்கிறேன்னு விண்டோஸ் அந்த போர்ட்டைத் தூங்க வச்சுட்டு எழுப்ப மறந்துடுது. விண்டோஸ் கீயோட எக்ஸ் அழுத்தி, விட்டுட்டு எம் அழுத்துங்க, டிவைஸ் மேனேஜர் வரும். கடைசியில யுனிவர்சல் சீரியல் பஸ் கன்ட்ரோலர்ஸ்னு இருக்கும், அதை விரிச்சு ஒவ்வொரு யுஎஸ்பி ரூட் ஹப்லயும் ப்ராப்பர்டீஸ், பவர் மேனேஜ்மென்ட் போய், பவர் சேமிக்க இந்த டிவைஸை ஆஃப் பண்ணலாம்ங்கிற டிக்கை எடுத்துடுங்க. பவர் ஆப்ஷன்ஸ்ல யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்ட்னு இருந்தா அதையும் டிசேபிள் பண்ணிட்டு ஒரு தடவை ரீஸ்டார்ட். மவுஸ் இல்லாம எப்படி இவ்வளவையும் பண்றதுன்னா, கீபோர்டுல வலது ஓரம் நம்பர் கீ இருந்தா இடது ஆல்ட், இடது ஷிப்ட், நம் லாக் மூணையும் சேர்த்து அழுத்தி வர்ற கேள்விக்கு என்டர் தட்டுங்க, 8, 2, 4, 6 கீயில கர்சர் நாலு பக்கமும் நகரும், 5 அழுத்தினா க்ளிக். வேலை முடிஞ்சதும் அதே மூணு கீயை அழுத்தி ஆஃப் பண்ணிடுங்க, இல்லைன்னா நம்பர் அடிக்கும்போது கர்சர் ஓடும்.