சைட்டை விட்டுப் போகலாமா?

கேள்வி: 2022-இல் பி.இ. சிவில் முடித்து, திருச்சியில் ஒரு சிறிய கட்டுமான நிறுவனத்தில் இரண்டரை ஆண்டுகளாக சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் 17,000 ரூபாய். மூன்று மாடிக் குடியிருப்புகள் இரண்டின் வேலையைப் பார்த்திருக்கிறேன். மேஸ்திரியோடு மல்லுக்கட்டியதைத் தவிர வேறெதையும் கற்கவில்லை என்றே தோன்றுகிறது. 65,000 ரூபாய் கட்டி டிசைன் மென்பொருள் படிக்கச் சொல்கிறான் நண்பன். ஒன்றரை லட்சம் கொடுத்தால் ஏஜென்ட் குவைத்துக்கு அனுப்பிவிடுவார் என்கிறார் மாமா. அப்பாவுக்கு அரசு வேலைதான் ஆசை. சேரும்போது என் அசல் சான்றிதழ்களை நிறுவனம் வாங்கி வைத்துக்கொண்டது. நான் எந்தப் பக்கம் போவது?
– வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

மேஸ்திரியோடு மல்லுக்கட்டியதை நீங்கள் குறைவாக மதிப்பிடுகிறீர்கள். சைட் இன்ஜினியர்களை வேலைக்கு எடுக்கும் நேர்காணல்களில் பல ஆண்டுகள் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வருபவரின் மென்பொருள் பட்டியலை நான் கடைசியில்தான் படிப்பேன். முதலில் கேட்பது, “கடைசியாகப் போட்ட சிலாப்பை, முந்தின நாள் மாலையிலிருந்து சொல்லுங்கள்” என்பதுதான். ஐந்தாண்டு அனுபவம் என்று எழுதியிருப்பவர்களில் பலர் இந்த இடத்திலேயே தடுமாறிவிடுவார்கள்.

28 கன மீட்டர் கான்கிரீட் போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தரவிதி ஐ.எஸ். 456-இன்படி அதற்குக் குறைந்தது மூன்று மாதிரிகள் எடுக்க வேண்டும். மாதிரிக்கு மூன்று கியூப் (நசுக்கி வலிமை பார்க்கும் கான்கிரீட் கட்டி) என்றால், 28 நாள் சோதனைக்கு மட்டுமே ஒன்பது கியூப் ஆகிவிடும். நீங்கள் எத்தனை எடுத்தீர்கள், ஏழாம் நாள் முடிவு என்ன வந்தது, கம்பி பலகையில் ஒட்டாமல் தாங்கும் கவர் பிளாக் எத்தனை மில்லிமீட்டர் வைத்தீர்கள், சென்டரிங்கை (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையையும் முட்டையும்) எத்தனையாவது நாள் பிரித்தீர்கள்? சிலாப்பின் ஸ்பான், அதாவது தாங்கிகளுக்கு இடைப்பட்ட தூரம், 4.5 மீட்டருக்குள் இருந்தால் ஏழு நாளும், அதற்கு மேல் போனால் பதினான்கு நாளும் முட்டு நிற்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது. பலகை அடுத்த மாடிக்கு வேண்டும் என்று ஐந்தாம் நாளே முட்டைத் தட்ட வந்த ஆட்களை நீங்கள் நிறுத்தியிருந்தால், அந்த ஒரு சம்பவத்தைக் கேட்டே உங்களை எடுக்கும் மேலாளர்கள் இருக்கிறார்கள். ஆகவே, ரெஸ்யூமேயில் ‘கடின உழைப்பாளி’ முதலான வரிகளை நீக்கிவிட்டு, கட்டிய பரப்பு, கான்கிரீட்டின் தரமும் அளவும், கம்பி எத்தனை டன், உங்கள் கீழ் எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்பவற்றை எழுதுங்கள். சைட் டைரி எழுதும் பழக்கம் இல்லையென்றால் நாளைக் காலையே தொடங்குங்கள்.

உங்களிடம் குறைவது வேறொன்று என்று நினைக்கிறேன். அளவெடுப்பது பற்றியும் பில் போடுவது பற்றியும் உங்கள் கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. வேலையை மேற்பார்க்கத் தெரிந்தவர் எண்ணற்றோர்; செய்த வேலையை அளந்து, அளவுப் புத்தகத்தில் ஏற்றி, சப்-கான்ட்ராக்டரின் பில்லைச் சரிபார்த்து, வாங்கிய கம்பிக்கும் கட்டிய கம்பிக்கும் கணக்குக் காட்டத் தெரிந்தவர் குறைவு, சம்பளமும் அங்கேதான் உயர்கிறது. வரைபடத்தைப் பார்த்து நீங்களே பார் பெண்டிங் ஷெட்யூல் (ஒவ்வொரு கம்பியின் வடிவம், நீளம், எண்ணிக்கைப் பட்டியல்) போடுங்கள், கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் வர்க்கமாக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும் என்பது (12 மி.மீ. கம்பிக்கு ஏறத்தாழ 0.89 கிலோ) உங்களுக்குத் தெரியாததல்ல. அதை ஒரு முழுக் கட்டடத்துக்கும் போட்டு, லாரியில் வந்து இறங்கிய எடையோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சிறிய நிறுவனத்தில் இதை யாரும் தடுக்கமாட்டார்கள்; முதலாளி நன்றிகூடச் சொல்வார். ஆறு மாதம் இதைச் செய்துவிட்டு, பெரிய ஒப்பந்த நிறுவனங்களின் பில்லிங் அல்லது பிளானிங் பிரிவுக்கு விண்ணப்பியுங்கள்.

65,000 ரூபாய்ப் பயிற்சியை நான் பரிந்துரைக்கமாட்டேன். மூன்று மாதத்தில் மென்பொருளின் பொத்தான்களைக் கற்றுக்கொடுக்கலாம்; அது தரும் விடை சரியா தவறா என்று கண்டுபிடிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. டிசைன்தான் உங்கள் விருப்பம் என்றால் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.இ. ஸ்ட்ரக்சுரல் (கட்டமைப்புப் பொறியியல்) சேருவதே சரியான வழி. எக்செல்லையும் ஆட்டோகேடையும் மட்டும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள். அதற்கு இவ்வளவு செலவாகாது.

குவைத் விஷயத்தில் அவசரப்பட வேண்டாம். 1983-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் கீழ் பதிவு பெற்ற ஏஜென்ட், சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் வாங்கலாம். ஒன்றரை லட்சம் கேட்பவரின் பதிவு எண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் தேடிப் பாருங்கள். பணத்தைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். இன்னொன்றையும் மாமாவிடம் சொல்லுங்கள். குவைத்தில் பொறியாளர் என்ற பதவியில் பதிய, நீங்கள் படித்த பாடப்பிரிவுக்கு என்.பி.ஏ. (தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் இருந்ததா என்று பார்க்கிறார்கள். கல்லூரிக்கு வேறு பெருமைகள் ஆயிரம் இருந்தாலும் அது இல்லாவிட்டால், வேறு பதவிப் பெயரில் விசா எடுத்துப் போய், பொறியாளர் வேலையைக் குறைந்த சம்பளத்துக்குச் செய்ய நேரிடும். சவூதியிலும் பொறியாளர் கவுன்சிலில் பதிவு தேவை. கத்தாரில் பதிவுக்குத் தேர்வே உண்டு.

அப்பாவின் ஆசையை மறுக்க வேண்டியதில்லை, டி.என்.பி.எஸ்.சி. தொழில்நுட்பப் பணித் தேர்வை வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். அதில் தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு எடுக்காவிட்டால் சிவில் தாளையே திருத்தமாட்டார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். இரண்டு முறை முயன்று பாருங்கள். வேலையை விட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் விடுதியில் தங்கிப் படிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன்.

சான்றிதழ் விவகாரத்தைத்தான் முதலில் முடிக்க வேண்டும். பட்டச் சான்றிதழ் உங்கள் உடைமை. அதைப் பிணையாக வைத்துக்கொள்ள எந்த முதலாளிக்கும் உரிமை இல்லை. வேலை மாறப் போவதாகக் காட்டிக்கொள்ளாமல், தேர்வு விண்ணப்பத்துக்கு அசல் தேவைப்படுகிறது என்று (அது உண்மையும்கூட) மின்னஞ்சலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு மாதங்கள் ஓடிவிடும். இரண்டு வாரத்தில் தராவிட்டால் ஒரு வழக்கறிஞர் கடிதம் அனுப்புங்கள். பெரும்பாலும் வழக்கு வரை போகாது. சான்றிதழ்கள் வீட்டுப் பீரோவுக்கு வந்து சேர்ந்த பிறகு ராஜினாமா கடிதத்தில் தேதி போடுங்கள்.