பேலினின் கோபம்

அன்புள்ள ஐயா,

இயேசுவைக் கேலி செய்கிறது என்று குற்றம்சாட்டப்பட்ட, மான்டி பைத்தான் நகைச்சுவைக் குழுவின் ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படம் பற்றி 1979இல் பிபிசியில் நடந்த விவாதத்தை யூடியூபில் பார்த்தேன். எதிர்த்தரப்பு அவ்வளவு மட்டம் தட்டியும், அந்தக் குழுவின் ஜான் கிளீஸும் மைக்கேல் பேலினும் மரியாதையாகவே பதில் சொல்கிறார்கள். நகைச்சுவைக்காரர்கள்தானே, நறுக்கென்று ஒரு கிண்டலில் முடித்திருக்கலாமே? அவர்கள் தோற்றதாகத்தான் எனக்குப் பட்டது.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். இப்போது இல்லை.

அது நவம்பர் 9, படம் பிரிட்டனில் வெளியான மறுநாள். பணம் போட இருந்த இஎம்ஐ நிறுவனம் கடைசி நேரத்தில் கைவிட்டு, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் பணம் போட்டதால்தான் படமே உருவானது. கதை எழுதுவதற்கு முன் குழுவினர் பைபிளையெல்லாம் படித்துவிட்டு, இயேசு சொன்னதில் கேலி செய்ய ஒன்றுமில்லை என்று முடிவுசெய்துதான் பக்கத்துத் தொழுவத்தில் பிறந்த பிரையன் என்ற இன்னொருவனை உருவாக்கினார்கள். அவர்கள் சிரித்தது, ஒருவன் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு ஓடும் கூட்டத்தைப் பார்த்து.

எதிரில் உட்கார்ந்தவர்கள் லண்டன் சதர்க்கின் ஆயர் (பிஷப்) மெர்வின் ஸ்டாக்வுட், அப்புறம் மால்கம் மகரிட்ஜ். அன்னை தெரசா பற்றி பிபிசிக்கு ஆவணப்படம் செய்தாரே, அவரேதான். இருவரும் படம் பார்க்கத் தாமதமாகப் போய், முதல் கால்மணி நேரத்தைத் தவறவிட்டிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது. எதைத் தவறவிட்டார்கள் என்று பாருங்கள்: குழந்தை இயேசுவைத் தேடி வந்த ஞானிகள் மூவரும் தவறான தொழுவத்துக்கு வந்து, கொடுத்த பரிசைத் திரும்ப வாங்கிக்கொண்டு பக்கத்தில் போகும் காட்சி; மலைப்பிரசங்கத்தில் இயேசு இயேசுவாகவே பேச, கடைசி வரிசைக்காரர்கள் மட்டும் காதில் சரியாக விழாமல் சண்டை போடும் காட்சி. இந்த இரண்டையும் பார்க்காதவருக்கு பிரையனும் இயேசுவும் ஒருவராகத்தான் தெரிவார்கள்.

அந்த இடத்தில் கிளீஸும் பேலினும் கிண்டலடித்திருந்தால், இவர்களுக்கு எல்லாமே விளையாட்டு என்ற குற்றச்சாட்டுக்கு அவர்களே சாட்சி சொன்னதாகியிருக்கும். இருவருமே படத்தை விளையாட்டாக எடுக்கவில்லை. பேலின் எவ்வளவு சாந்தமான மனிதர், அவர் முகமே மாறிவிடுகிறது, அப்போதும் வார்த்தை தடிக்கவில்லை; எனக்கு அந்த நிகழ்ச்சியிலேயே பெரிய விஷயம் அதுதான். நீங்கள் எதிர்பார்த்த குத்தலும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. முப்பது வெள்ளிக்காசு உங்களுக்குக் கிடைத்துவிடும் என்று இரண்டு பேரையும், காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸாக்கி முடித்தாரே, அந்த ஆயரின் வாயிலிருந்து வந்தது அது.