நிறுவன வரலாற்றைப் பார்வையாளர்கள் தொட்டுப் பார்க்கும்படி அமைக்க எந்தத் திரை வாங்கலாம்?

குடும்ப நிறுவனத்துக்கு 60 ஆண்டு நிறைகிறது, வரவேற்பறையில் பெரிய தொடுதிரை வைத்து வரலாற்றைக் காட்ட அப்பா ஆசைப்படுகிறார், எந்தத் திரை, எவ்வளவு ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக யாரோ திரைக்குக் கொட்டேஷன் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதில் என்ன ஓடப்போகிறது என்பதை இன்னும் யாரும் யோசித்திருக்க மாட்டீர்கள். திரையைக் கடைசியில் வாங்குங்கள்.

ராமேஸ்வரத்துக்கு முன்னால் இருக்கும் மண்டபம் என்ற ஊர்ப் பக்கம் ஒரு மீன் ஏற்றுமதி நிறுவனத்துக்கு இதே வேலையை எங்கள் சிறு குழு செய்தது. அந்தக் குடும்பத்துக்குத் தாத்தா காலத்தில் கருவாட்டு வியாபாரம். பனை ஓலைப் பாயில் சிப்பம் கட்டி, ரயிலில் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் இலங்கையின் தலைமன்னார். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறந்ததிலிருந்து இந்தக் கரைக்கே சோறு போட்ட வழி அது. 1964 டிசம்பர் 22 இரவுப் புயலில் தனுஷ்கோடித் துறை போயிற்று. அப்புறம் ராமேஸ்வரத்திலிருந்து கப்பல், பிறகு ஐஸ், விசைப்படகு, இறால். இவ்வளவு கதை இருந்தும், எங்கள் கையில் முதலில் தந்தது நிறுவனரின் படம், மந்திரிகளோடு எடுத்த படங்கள், விருதுகள், அவ்வளவுதான். வருகிறவர்கள் அதைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு ஒரு நிமிடத்தில் போய்விடுவார்கள்.

அதனால் பழைய கணக்குப்பிள்ளை, ஐஸ் உடைத்தவர், இறாலுக்குத் தலை கிள்ளிய பெண்கள் என்று வீடு வீடாகப் போய்க் குரலைப் பதிவு செய்தோம். “எம் பேரும் அதுல வருமா தம்பி?” என்று ஓர் ஆத்தா கேட்டார். வந்தது, படத்தோடு. அந்தக் கூடத்தில் நான் பெருமைப்படுவது அதற்குத்தான். முதலாளியை இறக்கிக் காட்டச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். நிறுவனரின் கதைதான் அங்கே நடுவில் இருக்கிறது. அவருடைய சிப்பத்தைக் கட்டியவர்களும் கூடவே இருக்கிறார்கள்.

கண்ணாடியைத் தொட வயதானவர்கள் தயங்குகிறார்கள். செல்போனில் இருப்பது போன்ற தொடுதிரை, உப்பு ஈரம் பட்ட விரலுக்குத் தாறுமாறாக வேலை செய்யும். எனவே ஒரு மேசையில் பொருள்களை வைத்தோம்: எடைக்கல், ஓலைப்பாய்த் துண்டு, வலை மிதவை. ஒவ்வொன்றின் அடியிலும் ஓர் ஆர்எஃப்ஐடி ஒட்டு (ரேடியோ அலையில் தன் அடையாள எண்ணைச் சொல்லும் சின்னச் சில்லு), மேசைக்குக் கீழே அதைப் படிக்கும் கருவி. எடைக்கல்லை எடுத்து வட்டத்தில் வைத்தால் கணக்குப்பிள்ளை பேச ஆரம்பிப்பார். இரும்புப் பொருளுக்குச் சாதாரண ஒட்டு வேலை செய்யாது. உலோகத்துக்கென்றே ஃபெரைட் என்ற காந்தப்பொருள் அடுக்கோடு வருவதைக் கேட்டு வாங்குங்கள்.

கடற்கரை ஊர் என்றால் விசிறி உள்ள கம்ப்யூட்டரே வேண்டாம். கச்சான் என்கிற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் உப்பையும் மணலையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், இணைப்புகள் பச்சை பூத்துவிடும். விசிறி இல்லாத மூடிய பெட்டி போதும். கரண்ட் போய் வந்தால் தானே எழுந்து நிகழ்ச்சியை ஓட்ட வேண்டும், இணையத்தை நம்பியிருக்கக் கூடாது. தமிழ் எழுத்தை முதல் வாரத்திலேயே சோதியுங்கள். யூனிட்டி போன்ற விளையாட்டு மென்பொருளில் செய்தால் கொம்பும் காலும் இடம் மாறி விழலாம். அதைச் சரிசெய்யத் தனி வேலை இருக்கிறது. இங்கிலீஷில் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் தமிழைக் கொட்டிப் பார்க்கிறவர்களிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். “பெரிய ஸ்டுடியோக்காரர்களுக்கு இது தெரியாதா?” என்று கேட்பீர்கள். தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழ் வாசிக்கிறவர் ஒருவர் அவர்கள் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் ரொம்ப நாளாக இருக்கிறது. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து படம் பிடிக்க வருகிற கூட்டம், அப்படியே தனுஷ்கோடிக்கும் போய் ‘பேய் ஊர்’ என்று வீடியோ போடுகிறது. அங்கே மீனவக் குடும்பங்கள் குடிசை போட்டு வாழ்கிறார்கள், கடலுக்குப் போகிறார்கள். இடிந்த தேவாலயச் சுவருக்குக் கேமராவைத் திருப்புகிறவர், பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருப்பவரிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் முன்னாலேயே அவர்கள் ஊரைச் செத்த ஊர் என்று எப்படிச் சொல்கிறார்கள்?

சரி, செலவுக்கு வருகிறேன். ஊரும் அளவும் தெரியாமல் தொகை சொல்வது நியாயமில்லை. ஆனால் பதிவுக்கும் பழைய படங்களை ஸ்கேன் செய்வதற்கும் தனியாகப் பணம் ஒதுக்குங்கள், திரைக்கு மிஞ்சியதில் வாங்கலாம். மூலக் கோப்புகள் எல்லாம் உங்களிடம் ஒப்படைக்கப்பட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பேசியவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்கி, அவரவர் பதிவில் ஒரு பிரதியைப் பென் டிரைவில் போட்டு வீட்டுக்குக் கொடுத்துவிடுங்கள்.