ஏணிப்படிகளை எண்ணிய பிள்ளை

அன்புள்ள ஐயா,

என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். 2021இல் ஆறாம் ஆண்டு யூபிஎஸ்ஆர் பொதுத்தேர்வை ரத்து செய்த பிறகு, ‘அனுபவக் கல்வி’ என்று அடிக்கடி வெளியே கூட்டிப் போகிறார்கள். போன மாதம் பினாங்கின் தண்ணீர்மலைப் பூங்கா. என்ன பார்த்தாய் என்று கேட்டால், “குரங்கு” என்கிறாள். டியூசனுக்குப் போயிருந்தால் நாலு கணக்காவது போட்டிருப்பாளே?

வாசகி, பட்டர்வொர்த்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஆதங்கம் நியாயமானது. பேருந்தில் ஏற்றி, வரிசையாக நடத்தி, படம் பிடித்துக்கொண்டு திரும்புவதை அனுபவக் கல்வி என்று நானும் சொல்லமாட்டேன். 1896இல் சிகாகோவில் பரிசோதனைப் பள்ளி தொடங்கிய அமெரிக்கக் கல்வியாளர் ஜான் டூயி, பிள்ளைகளைச் சமைக்கவும் நெய்யவும் வைத்தவர். எல்லா அனுபவமும் கல்வியாகிவிடாது என்பதில் அவரே உறுதியாக இருந்தார். ஆனால் அதற்கு மாற்று டியூசன்தான் என்பதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

போன விடுமுறையில் தம்பி மகளை ஜார்ஜ்டவுன் கடலோரம் வெல்ட் கீ பக்கம் ஒரு படகுத்துறைக்குக் கூட்டிப் போனேன். அங்கே கடலுக்குள் இறங்கும் ஓர் ஏணி உண்டு. மாலை 5 மணிக்கு நீருக்கு மேல் மூன்று படிகள் தெரிந்தன. “நாளைக்கு இதே நேரம் எத்தனை தெரியும்?” என்றேன். “மூணுதான்” என்று நோட்டில் எழுதினாள். மறுநாள் பார்த்தால் அவள் எழுதியது பொய்த்துவிட்டது. அதன் பிறகு நான் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. அவள்தான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். ஏழாம் நாள் ஏழு படிகள். “பெரியப்பா, கடல் லேட்டா வருது!” என்றாள்.

உண்மைதான். பினாங்கில் நாளுக்கு இருமுறை ஆயர் பாசாங் (கடல் ஏற்றம்), இருமுறை ஆயர் சூருட் (வற்றம்). பூமி ஒரு சுற்று முடிப்பதற்குள், கடல்நீரை இழுக்கும் நிலா கொஞ்சம் முன்னே நகர்ந்துவிடுவதால், ஏற்றம் தினமும் சராசரியாக 50 நிமிடம் பிந்துகிறது. ஒரு வாரத்தில் அது ஏறக்குறைய 6 மணி நேரம். ஏற்றம் இருந்த வேளையில் வற்றம் வந்து நிற்கும். இந்தக் காரணத்தை எத்தனை நாள் ஏணியைப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்குப் புத்தகம் வேண்டும். ஆனால் அன்றிரவு புத்தகத்தைத் தேடி எடுத்தது அவள். பாட்டி வீட்டு நாள்காட்டியில் பௌர்ணமி என்றைக்கு என்றும் பார்த்து வைத்துக்கொண்டாள்.

உங்கள் மகள் குரங்கைப் பார்த்தாள் அல்லவா, அங்கேயே பிடியுங்கள். அது என்ன தின்றது? குட்டி யாரிடம் இருந்தது? அடுத்த முறை போகும் முன் அவள் ஊகத்தை எழுத வையுங்கள்; வந்ததும் அதே தாளை எடுத்து உட்காருங்கள். பள்ளி செய்யாவிட்டால் நீங்கள் செய்யலாம். ஜார்ஜ்டவுனுக்கு ஃபெர்ரி ஏறும்போது துறைமுகத் தூண்களில் நீர் எதுவரை நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்