கார் ஏசிக்கு வருடா வருடம் கேஸ் நிரப்ப வேண்டுமா?

வேண்டாம். ஏசி கேஸ் பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. கம்ப்ரசர் (கேஸை அழுத்துவது), கண்டென்சர் (முன்னால் நின்று சூட்டை வெளியே விடுவது), எக்ஸ்பான்ஷன் வால்வு (அழுத்தத்தைக் குறைப்பது), எவாப்பரேட்டர் (கேபின் காற்றைக் குளிர்விப்பது) என்று மூடிய குழாய்க்குள்ளேயே திரவமாகவும் வாயுவாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டிருக்கும். குறைந்துவிட்டது என்றால் எங்கோ கசிந்திருக்கிறது. ரப்பர் ஹோஸ், கம்ப்ரசர் ஷாஃப்ட் சீல் வழியாகத் துளித்துளியாகப் போவது எல்லாக் காரிலும் உண்டு. அது குளிர்ச்சியில் தெரியவே பல வருடம் ஆகும். போன கோடையில் போட்ட கேஸ் இந்தக் கோடைக்கு இல்லையென்றால் கசிவை அடைக்காமலே நிரப்பி அனுப்பியிருக்கிறார்கள்.

அதற்கு முன், குறைந்தது கேஸ்தானா என்று பாருங்கள். வென்ட்டில் காற்றே பலமாக வரவில்லையா? கேபின் ஃபில்டரைக் கழற்றித் தட்டிப் பாருங்கள். ஓடும்போது ஜில்லென்று இருந்து, சிக்னலில் நின்றதும் வெக்கை அடித்தால் முதல் சந்தேகம் கண்டென்சர் ஃபேன்.

கேஸ்தான் என்றால் கசிவைத் தேடச் சொல்லுங்கள். கேஸோடு கம்ப்ரசர் ஆயிலும் சேர்ந்தே சுற்றுவதால், கசியும் இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு படிந்து, அதில் தூசி ஒட்டிக் கறுத்திருக்கும். பைப் இணையும் ஓ-ரிங் மூட்டுகளையும், முன்னால் கல்லடி வாங்கும் கண்டென்சரையும் டார்ச் அடித்துப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். மீதிக்கு யூவி டை (கசிந்த இடத்தில் யூவி விளக்கடித்தால் ஒளிரும் சாயம்) அல்லது நைட்ரஜன் பிரஷர் டெஸ்ட் (நைட்ரஜனை அழுத்தி ஏற்றிக் கசிகிறதா என்று பார்ப்பது).

பலர் ஏமாறுவது பிரஷர் காட்டும் கேஜில்தான். "பிரஷர் கம்மியா இருக்கு சார், கொஞ்சம் ஏத்திடலாம்" என்பார்கள். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, இன்ஜின் நிற்கும்போது காட்டும் அழுத்தம் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர அளவைப் பொறுத்ததில்லை. 30 டிகிரியில் ஆர்-134ஏ என்ற வகை கேஸ் 97 பிஎஸ்ஐ அளவில் காட்டும். உள்ளே 200 கிராம் இருந்தாலும் அதேதான், 500 இருந்தாலும் அதேதான். ஓடவிட்டுப் பார்த்தாலும் கேஜ் அறிகுறிதான் சொல்லும், எடை சொல்லாது. எனவே பழைய கேஸை மெஷினில் இழுத்து, குறைந்தது அரை மணி நேரம் வேக்யூம் வைத்து (உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி), முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, பானெட்டுக்குள் ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் கிராம் கணக்குக்கு எடைபோட்டு ஏற்ற வேண்டும். வேக்யூமைத் தவிர்த்தால் உள்ளே தங்கும் ஈரம் எக்ஸ்பான்ஷன் வால்வில் உறையும், எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகிப் பாகங்களை அரிக்கும். "கொஞ்சம் கூடவே போட்டுடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். அதிகமானால் அழுத்தம் எகிறிக் குளிர்ச்சிதான் குறையும், கம்ப்ரசரும் திணறும்.

அதே ஸ்டிக்கரில் கேஸ் எந்த வகை என்பதும் இருக்கும். புதிய கார்கள் பலவற்றில் ஆர்-1234ஒய்எஃப்; ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் புதுக் கார்களில் 134ஏ நிரப்பக் கூடாது. இரண்டையும் கலக்கவே கூடாது. ஹைப்ரிட், எலக்ட்ரிக் கார் என்றால் ஆயிலிலும் கவனம் வேண்டும்: மின்சார கம்ப்ரசருக்குப் பெரும்பாலும் பிஓஇ என்ற வகை ஆயில்தான், சாதாரண கார்களின் பிஏஜி ஆயில் கலந்தால் இன்சுலேஷன் கெட்டு மின்கசிவு வரும். ஓட்டையை அடைக்கும் சீலன்ட் டப்பாவை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன், அது வால்வையும் சர்வீஸ் மெஷினையும் சேர்த்தே அடைத்துவிடும்.

குளிர்காலத்திலும் வாரம் ஒருமுறை பத்து நிமிடம் ஏசியை ஓடவிடுங்கள். ஆயில் சுற்றினால்தான் ஷாஃப்ட் சீல் காயாமல் இருக்கும்.