அங்கன்வாடி இருக்கும்போது, தனியாகப் பிள்ளை வளர்க்கும் அம்மா வேலைக்குப் போக என்ன தடை?

அங்கன்வாடி நல்ல ஏற்பாடுதான். சத்துமாவு, மதியச் சாப்பாடு, விளையாட்டு எல்லாம் உண்டு. ஆனால் வேலை நேரத்தை மனதில் வைத்து அமைத்ததல்ல. திருப்பூரையே எடுத்துக்கொள்ளுங்கள். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர இரவு எட்டரை ஆகிவிடும். அங்கன்வாடியை மாலை நாலு மணிக்கெல்லாம் பூட்டிவிடுவார்கள். அப்புறம் பிள்ளையை யார் பார்ப்பது? மாமியாரோ கணவரோ இருக்கும் வீட்டில் சமாளிக்கலாம். தனியாக வளர்க்கும் அம்மாவுக்குப் பக்கத்து வீட்டு அக்காதான் கதி; அவருக்கும் வாரச் சம்பளத்தில் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போச்சு. இரண்டு வயதுகூட ஆகாத குழந்தை என்றால் அங்கன்வாடியில் விடவும் வழியில்லை.

மகப்பேறு பலன் சட்டத்தில் 2017 திருத்தம் ஒரு நல்ல விதியைக் கொண்டுவந்தது: 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும், அம்மா தினமும் நான்கு முறை போய்ப் பார்க்கலாம். 2025 நவம்பரில் அந்தச் சட்டத்தின் இடத்தைச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பிடித்துக்கொண்டாலும், இந்தக் காப்பக விதி அதிலும் இருக்கிறது. ஆனால் பிசிறு வெட்டுவது, மடிப்பது போன்ற வேலைகள் பலவும் பத்திருபது பேர் உள்ள ஜாப் ஒர்க் கூடங்களில்தான் (கம்பெனிகளுக்குக் கூலிக்கு வேலை முடித்துத் தரும் சின்ன இடங்கள்) நடக்கின்றன. அங்கே இந்த விதி எட்டாது. பெரிய கம்பெனி என்றால், சேரும்போதே இந்தப் பலன்களைப் பற்றி எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றும் அதே 2017 திருத்தம் சொன்னது. கேட்டு வாங்குங்கள்.