பிராண்டு சட்டையின் விலை யாருக்குப் போகிறது?

"விலை அதிகம் என்றால் தைப்பவருக்கும் நல்ல கூலி கிடைக்கும்தானே?" என்பது உங்கள் கேள்வி. அப்படி நடப்பது அபூர்வம். கடை வாடகை, விளம்பரம், வரி, லாபம் எல்லாம் போக, தையல் கூலி அதில் ஒரு துளிதான். பெரிய பிராண்டுகள் பலவும் சொந்தமாகத் தைப்பதில்லை. ஆர்டர் எடுத்தவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றுவார். ஏதாவது ஆனால் "அது எங்கள் ஆலை இல்லையே" என்று பிராண்டு கைகழுவ வசதி.

2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத் தலைநகர் டாக்கா அருகே சாவரில், தையல் ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்தது. முந்தைய நாளே கட்டடத்தில் விரிசல். கீழே இருந்த வங்கி தன் ஊழியர்களை அனுப்பிவிட்டது. தையல் தொழிலாளர்களை மட்டும் மறுநாள் வேலைக்கு வரவைத்தார்கள். 1,100 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே யாருக்காகத் தைத்தார்கள் என்பதற்கு இடிபாடுகளில் கிடந்த லேபிள்களே சாட்சி.

இன்னொரு பக்கம், விற்காத சரக்கு. பிரிட்டனின் ஆடம்பர பிராண்டான பர்பரி நிறுவனம் 2017-18இல் 2.8 கோடி பவுண்டுக்கும் மேல் மதிப்புள்ள பொருட்களை அழித்தது. மலிவாக விற்றால் பெயருக்கு மவுசு போய்விடுமாம்! எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான், 2018 செப்டம்பரில், இனி அப்படிச் செய்வதில்லை என்று அறிவித்தது.

அதற்காக ஒரேயடியாகப் புறக்கணிப்பதும் எனக்கு உடன்பாடில்லை. ஆர்டர் நின்றால் முதலில் வேலை இழப்பது அதே தொழிலாளிதான். நான் லோகோவைப் பார்ப்பதில்லை. சட்டையை உள்புறம் திருப்பித் தையலைப் பார்ப்பேன். கிழிந்தால் தைத்துப் போட்டுக்கொள்வேன்.